சுவர் வழியாக வந்த கூர்க்கன்

ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அந்த மண்டபத்துக்கு ஒரு மேனேஜர் இருந்தார், பெயர் குழந்தைவேலு. அந்தக் குழந்தைவேலுவுக்கு ஓர் உடம்பு இருந்தது. அந்த உடம்பின் வலது கையில், முழங்கைக்குக் கீழே ஓடுகிற ஒரு ரத்தக் குழாயில், சுவரோடு சுவராகச் சுற்றிப் படுத்திருந்தான் பிடிமுத்து.

பிடிமுத்து ஒரு தசை. எலும்பைத் தூக்கி நிறுத்துகிற பயில்வான் தசை என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் நூல் மாதிரி இருப்பான். குழாயைச் சுற்றி வளையமாகக் கிடப்பான். அவன் இறுக்கினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். பிறந்த நாளிலிருந்து அவனுக்கு இந்த ஒரு வேலைதான். அவனைப் போலவே அந்தக் குழாய்த் தெரு நெடுக நூற்றுக்கணக்கான தசைகள் வளையம் வளையமாக வரிசையில் கிடந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசி முகூர்த்தத்தில், மண்டபத்து வாசல் கண்ணாடிக் கதவில் யாரோ ட்ரம் செட்டைக் கொண்டுவந்து மோதினார்கள். கதவு நொறுங்கிக் குழந்தைவேலுவின் கையைக் கிழித்தது. ரத்தம் பீறிட்டது. மூளையிலிருந்து நரம்பு வழியாகத் தந்திக்காரன் தலைதெறிக்க ஓடி வந்து, "பிடி!" என்றான்.

பிடிமுத்து பிடித்தான் பாருங்கள், அப்படி ஒரு பிடி! உடும்பு தோற்றது. அவன் பிடித்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரன் பிடித்தான், அவனைப் பார்த்து அடுத்தவன். தெருவே இறுகியது. ரத்தம் நின்றது. ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். "நல்லவேளை, ரொம்ப ரத்தம் போகலை" என்று டாக்டர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே, மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைத்திருக்காது. "இனிமே எந்தப் பிடிக்கும் முதல் பிடி பிடிமுத்து பிடி" என்று தெருவில் முடிவாயிற்று. கோயிலில் முதல் மரியாதை போல. அவன் பிடித்தால் எல்லாரும் பிடிப்பார்கள். அவன் விட்டால்தான் மற்றவர்கள் விடுவார்கள்.

வினை அங்கேதான் பிறந்தது. பிடிமுத்து விடவே இல்லை.

ஏன் விடவில்லை என்றால், அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. 'பிடி' என்று சொல் வந்துவிட்டால், 'விடு' என்று ஓலை வருகிறவரை அது செல்லும். யாரும் தன் இஷ்டத்துக்குத் தளரக் கூடாது.

ஓலை எழுதுகிறவள் தசையின் வீட்டுக்குள்ளேயே இருப்பாள். பிடிமுத்துவின் வீட்டில் இருந்தவள் ஓலையம்மா. வாசலில் ஒரு காவல்காரர், வாசலாண்டி. குழந்தைவேலு எப்போதாவது பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினாரென்றால், 'ஆபத்து போச்சு, விடலாம்' என்று வெளியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டும். வாசலாண்டி காது கொடுத்துக் கேட்டு, உள்ளே திரும்பி, "ஓலையம்மா!" என்று ஒரு குரல் விடுவார். அவள் எழுந்து ஓலைகளை எழுதி வீடு முழுக்க வீசுவாள். அதைப் பார்த்ததும் கயிறு இழுக்கிற சுண்ணாம்புக் கூட்டம் கயிற்றைப் போட்டுவிட்டுக் கிடங்குக்குப் போய்விடும்.

சுண்ணாம்புக் கூட்டம் வேறு யாரும் இல்லை. எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து இருக்கிறதே, அதே வகையறா. தசைக்குள் புகுந்தால் கயிறு இழுக்கிற கூலியாட்கள். அவர்கள் இழுக்க இழுக்கத்தான் பிடிமுத்துவின் பிடி இறுகும்.

எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாள் பூரா வாசலில் கூச்சல் கேட்டால் ஒரு மனுஷன் காது என்ன ஆகும்? வாசலாண்டி செவிடாகிப் போனார். யார் வந்து தட்டினாலும் தூணைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட ஆள் இல்லாததால் ஓலையம்மா சுவரோரம் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

'ஓலை வரலை. அப்போ ஆபத்து இன்னும் போகலை' என்று பிடிமுத்து முடிவு கட்டினான். கணக்குச் சரிதானே? காவல்காரர் செவிடு என்று யாராவது அவனுக்குச் சொன்னால் அல்லவா தெரியும்!

அன்றிலிருந்து அவனுக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. குழந்தைவேலுவின் பிழைப்பும் அப்படி. முகூர்த்த மாதம் வந்தால் மனுஷனுக்குக் காலில் வெந்நீர் கொட்டினது போலத்தான். சமையல்காரர் கேஸ் தீர்ந்தது என்பார். மாப்பிள்ளை வீட்டார் ஏ.சி. ஓடவில்லை என்பார்கள். நாதஸ்வரக்காரர் வந்த வேன் நடுவழியில் டயர் வெடித்து நிற்கும். ஜெனரேட்டர் எல்லா நேரமும் ஓடிவிட்டு, சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் மூச்சை நிறுத்தும். ஒவ்வொன்றுக்கும் தந்திக்காரன் ஓடி வருவான்.

"பிடி!"

"ஏன்யா, மறுபடி கண்ணாடியா?"

"பாயசத்துக்கு முந்திரி வந்து சேரலையாம்."

"முந்திரிக்கா பிடிக்கணும்?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? 'பிடி'ன்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். சீக்கிரம் பிடி, அடுத்த வீட்டுக்குப் போகணும்."

பிடிமுத்து இருக்கிற பிடிக்கு மேல் ஒரு பிடி பிடிப்பான். தெருவும் பிடிக்கும். கல்யாணம் முடிந்து, பந்தல் பிரித்து, கடைசி வாழை இலையை மாடு தின்று முடித்த பிறகும் அந்தப் பிடி அப்படியே நிற்கும்.

அவனை இன்னும் பதற வைத்தது ஒன்று உண்டு. இருதயத்தம்மாவின் அடி.

நெஞ்சுக்குள் இருக்கிற அந்த அம்மாவைப் பிடிமுத்து கண்ணால் கண்டதில்லை. இடத்தைவிட்டு நகராதவன் எப்படிக் காண்பான்? ஆனால் பிறந்த நொடியிலிருந்து அவள் அடியைக் கேட்டே வளர்ந்தவன். ஒவ்வொரு அடிக்கும் ரத்தம் ஒரு தள்ளு தள்ளிக்கொண்டு அவன் பக்கம் வரும். முன்பெல்லாம் அந்த அடி தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருக்கும். இந்த நாலு வருஷத்தில் அது முக்கி முனகி, மூட்டை தூக்குகிறவர் விடுகிற மூச்சு மாதிரி ஆகிவிட்டது. தொம், தொம் என்று வந்து அவன் மேலேயே மோதும்.

'அம்மா யாரோடயோ மல்லுக்கு நிக்கிறாங்க. எவனோ உள்ளே புகுந்து அவங்களை அமுக்கறான். அவனைத்தான் இப்படித் தள்ளித் தள்ளி அடிக்கிறாங்க' என்று பிடிமுத்து நினைத்துக்கொண்டான். நினைக்க நினைக்க அவனுக்குக் கொதித்தது. நகர முடிந்தால் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் அந்த எதிரியின் குரல்வளையைப் பிடித்திருப்பான்.

ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில் சிவப்பி வந்து அவன் வளையத்தில் மாட்டிக்கொண்டாள். சிவப்பி ரத்தத்தில் மூச்சு மூட்டை சுமக்கிற கூலிக்காரி. நுரையீரலில் மூட்டையை ஏற்றிக்கொண்டு, விரல் நுனியில் இறக்கிவிட்டு, திரும்பி ஓடுவாள். வாய் கொஞ்சம் நீளம்.

"முதல் மரியாதைக்காரரே, கொஞ்சம் இடுப்பை நெகிழ்த்துங்க. மூட்டையோட போறதா, மூட்டையை இங்கேயே போட்டுட்டு நான் மட்டும் போறதா?"

"ஆபத்துக் காலத்துல அப்படித்தான் இருக்கும். ஒதுங்கிப் போ."

"ஒதுங்கவா? ஒதுங்க இங்கே எங்கே இடம் இருக்கு? கல்யாணப் பந்தியில இடம் பிடிக்கிற மாதிரி இடிபட்டு வர்றேன். அந்தப் பக்கம் விரல்காரங்க எல்லாம் மூச்சுக்கு ஏங்கி மரத்துப்போய்க் கிடக்காங்க." அவள் பேச்சை நிறுத்தினாள். குரல் மாறியது. "உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். சொல்லலாமான்னு தெரியலை."

"என்ன?"

"அம்மாவுக்கு முடியலை."

சிவப்பி மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

"நெஞ்சுச் சுவர் தடிச்சுப்போச்சு. தள்ளித் தள்ளியே காய்ச்சுப்போச்சு. நேத்து நான் உள்ளே போனப்ப ஒரு அடி விட்டுப்போச்சு. நான் நின்னுட்டேன். நாங்க அத்தனை பேரும் அப்படியே நின்னுட்டோம். அப்புறந்தான் அடிச்சாங்க. 'என்னம்மா இது?'ன்னு கேட்டேன். 'தை முகூர்த்தம் வரைக்கும் இழுத்துருவேன்டி. அதுக்கு மேல என்னால ஆகாது'ன்னாங்க."

அம்மா நின்றால் அவனும் நிற்பான், தெரு நிற்கும், குழந்தைவேலு என்கிற மொத்த ஊரும் அடங்கிவிடும். அதெல்லாம் அவனுக்கு அந்த நொடியில் தோன்றவே இல்லை. அம்மாவின் அடி கேட்காத ஒரு நாள் வரும் என்பதுதான் தோன்றியது. அழுகை வந்தது.

"யாரு அந்த எதிரி? அவனைப் பார்த்தியா? எப்படி இருப்பான்?"

"எதிரியா?" சிவப்பி கண்ணை விரித்தாள். "ஒரு நாளைக்கு ஆயிரம் தரத்துக்கு மேல அந்த வழியா வந்து போறவ நான். ஒரு எதிரியையும் காணலையே!"

"உனக்குக் கண்ணு தெரியலை."

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். வர வர வழி குறுகுது."

"குறுகாம? திருடன் புகுந்த வீட்டுல கதவைத் திறந்தா வைப்பாங்க? போடி, போய் அம்மாகிட்டச் சொல்லு. பிடிமுத்து இருக்கான், கவலைப்பட வேணாம்னு சொல்லு. இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன்னு சொல்லு!"

சிவப்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னாலிருந்து வந்த நெரிசல் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

பிடிமுத்து சொன்னதைச் செய்தான். வாசல் மடைகளைத் திறந்துவிட்டு, வெளியில் திரிந்த சுண்ணாம்புக் கூட்டத்தையெல்லாம் உள்ளே கூப்பிட்டான். "இழுங்கடா! அம்மாவுக்காக இழுங்க!" அவன் குரல் கேட்டுத் தெருவே இழுத்தது. பாசம் என்றால் அப்படி ஒரு பாசம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுகிற பாசம் ஆளையே அடித்துப்போடும் என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

தொம். தொம். அம்மாவின் அடி இன்னும் பலமாக வந்து மோதியது. 'பார்த்தியா, எதிரியும் பலமாயிட்டான்' என்று அவன் மேலும் இறுக்கினான். அவன் இறுக்க இறுக்க அடி ஓங்கியது. அடி ஓங்க ஓங்க அவன் இறுக்கினான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த குழந்தைவேலுவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி நல்லாயி கேட்கிற ஆளா? ஆட்டோவில் போட்டு நேராக அவர் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, "பக்கத்து அறையில சித்தா டாக்டரம்மாவையும் பாருங்க" என்றார்.

டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி, பம்பை அமுக்கிப் பார்த்தார். பிடிமுத்துவுக்குத் தலைக்கு மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"பிரஷர் நூத்தி எழுபதைத் தாண்டி நிக்குதுங்க. கடைசியா எப்ப நீங்க சும்மா உட்கார்ந்தீங்க?"

"சும்மாவா?" என்றார் குழந்தைவேலு. "எதுக்குங்க?"

நல்லாயிக்கு வந்ததே கோபம். "கேளுங்க டாக்டரம்மா, நல்லாக் கேளுங்க! சோத்துல கை வெச்சுக்கிட்டே போன் பேசறாரு. ஊர்ல யாரு வீட்டுக் கல்யாணமா இருந்தாலும் இவரே தாலி கட்டற மாதிரி வேர்த்து ஊத்துது. எனக்குத்தான் அடிவயிறு கலங்குது."

"மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டரம்மா. "அதோட இந்தக் கஷாயப் பொடி. உங்க டாக்டரைக் கேட்டுக்கிட்டுத்தான் தர்றேன். மருந்துக் கூர்க்கன் வேரு."

"ஆத்தூர்ப் பக்கம் காட்டுல போடறாங்களே, அதுங்களா?"

"அதேதான்."

மறுநாள் காலையில் நல்லாயி பக்கத்திலேயே நின்று கஷாயத்தைக் குடிக்க வைத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். வயிற்றில் இறங்கி, குடலில் கலந்து, ரத்தத்தில் ஏறி, ஊர்வலத்தோடு ஊர்வலமாக வந்தான் கூர்க்கன்.

கூர்க்கன் என்பவன் அந்த வேருக்குள் இருந்த சத்து. செம்மண்ணில் ஆறு மாதம் தலையைப் புதைத்துக் கிடந்தவன் என்பதால் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான். சுற்றிலும் எல்லாரும் முட்டி மோதிக்கொண்டு ஓட, அவன் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். பிடிமுத்துவின் வீட்டு முன்னால் நின்றான். வாசலாண்டி தூணைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தார். கூர்க்கன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பக்கத்துச் சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டான்.

பிடிமுத்து அலறினான். "நில்லு! யாருய்யா நீ? எப்படி உள்ளே வந்தே?"

"சுவர் வழியாத்தான்."

"சுவர் வழியாவா! வாசல்ல காவல் இருக்கு, வழக்கம்னு ஒண்ணு இருக்கு. கூப்பிட்டுட்டு வரத் தெரியாது?"

"காது கேக்காத மனுஷனை எதுக்குத் தொந்தரவு பண்றது? உங்க சுவரு எண்ணெய்ப் பசைச் சுவரு. நானும் எண்ணெய்ப் பசை உள்ளவன். எண்ணெய்க்கு எண்ணெய் வழி விட்டுச்சு."

"காது கேக்காதா? யாருக்கு?"

"உங்க வாசல்காரருக்குத்தான். தெரியாதா உனக்கு?"

பிடிமுத்துவின் முகம் ஒரு நொடி கோணியது. ஆனால் நாலு வருஷத்துப் பிடி அவ்வளவு லேசில் கேள்வி கேட்க விடுமா? "அதெல்லாம் இருக்கட்டும். நீ எதுக்கு வந்தேன்னு தெரியும். என்னை விடச் சொல்லத்தானே? அந்தப் பருப்பு இங்கே வேகாது. அம்மாவுக்கு ஆபத்து. செத்தாலும் விட மாட்டேன்."

"உன்னை யாரு விடச் சொன்னா? நான் உன்கிட்டப் பேசவே வரலையே. உள்வீட்டுல ஓலையம்மான்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, எங்கே?"

"அது தூங்குது. எதுக்கு?"

"எழுப்பிவிட்டுட்டுப் போறேன். அவ்வளவுதான் எனக்கு வேலை."

பிடிமுத்து தடுக்கப் பார்த்தான். எதைக்கொண்டு தடுப்பான்? அவனுக்கு இருந்த ஒரே கை நாலு வருஷமாகக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கூர்க்கன் சுவரோரம் போய் ஓலையம்மாவின் தோளைத் தொட்டான். "அம்மணி, எந்திரிங்க. நேரமாச்சு."

ஓலையம்மா திடுக்கிட்டு எழுந்தாள். கூந்தலை முடிந்தாள். "வாசலாண்டியா கூப்பிட்டது?"

"அவரு இல்லீங்க. நான் கூர்க்கன், வெளியூரு."

"நான் எவ்வளவு நேரமாத் தூங்கறேன்?"

"நாலு வருஷம் இருக்கும்."

ஓலையம்மா பிடிமுத்துவைப் பார்த்தாள். நரம்பு புடைத்து, உடம்பு விறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவன் நின்ற கோலத்தைப் பார்த்து அவளுக்குப் பதறிப்போயிற்று. "அடப் பாவிகளா! நாலு வருஷமாவா இந்தப் புள்ளை பிடிச்சது பிடிச்சபடி நிக்கிறான்? ஒருத்தராவது என்னை வந்து உசுப்பியிருக்கக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.

"எழுதாதீங்க ஓலையம்மா!" பிடிமுத்துவின் குரல் உடைந்தது. "உங்களுக்குத் தெரியாது. எதிரி உள்ளே வந்துட்டான். அம்மா தை மாசம் தாங்க மாட்டாங்களாம். இப்போ நான் விட்டா அவங்களை யாரு காப்பாத்துவா?"

"பிடிக்கிறது உன் வேலை, எழுதறது என் வேலை. உன் வேலையை நீ பார்த்தே. என் வேலையை யாரு பார்த்தா?"

"இது வெளியாள் சொன்ன சொல். செல்லாது!"

"வெளியாள் எழுப்பத்தான் எழுப்பினான். இது யாரு கையெழுத்துன்னு பாரு" என்று ஓலையை அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். அவன் வீட்டு எழுத்து. பிறந்த நாளிலிருந்து அவன் பார்த்துப் பழகின எழுத்து.

அதற்குள் ஓலையம்மா நூறு ஓலை எழுதியிருந்தாள். நாலு வருஷத்து வேலை பாக்கி நின்றதல்லவா, கை நிற்கவில்லை. ஓலைகள் வீடு முழுக்கப் பறந்தன. சுண்ணாம்புக் கூட்டத்து மேஸ்திரி ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, கயிற்றைக் கீழே போட்டான்.

"போறோமுங்க."

"டேய், டேய்! அம்மாவுக்காகடா! இன்னும் கொஞ்ச நேரம்!"

"ஓலை வந்தாச்சுங்களே. இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. எங்களுக்கும் உடம்புதானுங்க."

ஒருவர் பின் ஒருவராகக் கிடங்குக்குள் போனார்கள். இழுக்க ஆள் இல்லாத கயிறு துவண்டது. பிடிமுத்து இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தான். பலம் என்று அவன் நினைத்திருந்ததெல்லாம் கிடங்குக்குள் போய்ப் படுத்துவிட்டது. வளையம் மெல்ல நெகிழ்ந்தது. பக்கத்து வீட்டிலும் ஓலை பறந்தது. முதல் பிடிக்காரன் தளர்வதைக் கண்ட தெரு, 'அப்பாடா' என்று ஒரே மூச்சாகத் தளர்ந்தது.

குழாய் விரிந்தது. சிவப்பியும் அவள் ஆட்களும் மூட்டைமூட்டையாக, இடிபடாமல், கைவீசிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள். "ஐயா, மகராசனா இருங்க!" என்று கத்திக்கொண்டே போனாள். அவன் காதில் விழவில்லை. அவன் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

அம்மாவின் மோதல் எங்கே?

அடி வரும் வரும் என்று காத்திருந்தான். வழக்கமாக வந்து இடிக்கிற இடத்தில் எதுவும் இடிக்கவில்லை. ரத்தம் மட்டும் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. "போச்சு! அம்மா போயிட்டாங்க! நான் விட்டேன், எதிரி கொன்னுட்டான்! பாவி, உன்னாலதான்!" என்று பிடிமுத்து கூர்க்கன் மேல் எரிந்து விழுந்தான். மறுபடி பிடிக்கப் பார்த்தான். "மேஸ்திரி! வாங்கடா! இழுங்கடா!" கிடங்கிலிருந்து ஒரு குறட்டைதான் வந்தது.

"கத்தாம ஒரு நிமிஷம் கேளு" என்றான் கூர்க்கன்.

"எதைக் கேக்கறது? அடிதான் இல்லையே!"

"நீ இடியைத் தேடறே. அடியைக் கேளு."

பிடிமுத்து மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இருந்தது. முக்கல் இல்லை, முனகல் இல்லை. அவன் சின்னவனாக இருந்தபோது கேட்ட அதே தொட்டில் ஆட்டு. அடி வந்தது, அவனைத் தொட்டது, தாண்டி விரல் நுனிவரை போயிற்று. அடுத்தது வந்தது.

அவனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "இருக்காங்க! அம்மா இருக்காங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினான்.

வெளியே மண்டபத்தில் குழந்தைவேலுவின் போன் அடித்தது. "அடிச்சா அடிக்கட்டும். இட்லியைச் சாப்பிட்டு முடிங்க" என்றாள் நல்லாயி. அவர் ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். போன் அடித்து ஓய்ந்தது.

"சரி, நான் கிளம்பறேன்" என்றான் கூர்க்கன். "ரொம்ப நேரம் இருக்க விட மாட்டாங்க. ஈரல் வீட்டுக்காரங்க கழுவி அனுப்பிச்சுடுவாங்க. நாளைக்கு அந்தம்மா ஊத்திக் குடுத்தா வர்றேன்."

"நீ போயிட்டா ஓலையம்மா மறுபடி தூங்கிடுவாங்களே? தந்திக்காரன் வேற வந்துருவானே?"

"வருவான். அவன் வேலை அது. தை மாசத்துல பத்து முகூர்த்தம் இருக்கு." கூர்க்கன் சுவருக்குள் பாதி போய்விட்டுத் திரும்பினான். "ஆனா இப்போ வழி திறந்து கிடக்கு. இவ்வளவு நாள் நீ அனுப்பின சேதியெல்லாம் நெரிசல்ல போச்சு. உங்க அம்மாகிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா இப்பவே கேட்டுக்கோ." சொல்லிவிட்டு ரத்தத்தோடு ரத்தமாகப் போய்விட்டான்.

பிடிமுத்துவுக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாலு வருஷமாக அவனை உட்காரவிடாத கேள்வி. விரிந்த குழாயில் வாயை வைத்து, நெஞ்சுப் பக்கமாகத் திரும்பிக் கூப்பிட்டான்.

"அம்மா! பிடிமுத்து பேசறேன். நல்லா இருக்கீங்களா?"

பதில் வர ஓர் அடி நேரம் ஆனது. களைத்த குரல்தான். ஆனால் முதல் தடவையாக அது அவன்வரைக்கும் வந்தது.

"இருக்கேன்டா கண்ணு. இப்பத்தான் மூச்சு விடறேன்."

"எதிரி போயிட்டானா அம்மா? நாலு வருஷமா அப்படித் தள்ளித் தள்ளி அடிச்சீங்களே, யாரும்மா அவன்? யாரைத் தள்ளினீங்க?"

இருதயத்தம்மா ஓர் அடி அடித்தாள். இன்னோர் அடி அடித்தாள்.

"உன்னைத்தான்டா, ராசா."